ஆளோலையும் ஒரு பைசாத் தமிழனும்

(தம்மப் பாடம்)



நோயாளியைக் காண வரும் மருத்துவன் முதற்கண் நோய் இன்னதெனக் கூறுவான். அடுத்து, அது எதனால் வந்தது என்று ஆராய்வான். அது தீரும் என்று தேற்றுவான். தீரும் வழியைக் காட்டுவான். பகவன் அருளிய நான்கு வாய்மைகளின் அமைப்பும் இதுவே. இவற்றுள் காரணத்தைக் கூறும் இரண்டாம் வாய்மையைத் தனி மனிதனின் வேட்கைக்கு மட்டுமே பொருத்திப் பேசுவது நம் வழக்கம். ஒரு வீட்டாரின் துக்கத்திற்குக் காரணம் உண்டெனின், ஒரு தெருவாரின் துக்கத்திற்கும் காரணம் உண்டன்றோ? ஒரு சமூகத்தாரின் துக்கத்திற்குக் காரணம் தேடும் கல்விக்குச் சரித்திரம் என்று பெயர்.

நம் ஞாயிறு வகுப்புகளுக்கு வரும் இளைஞர் இருவகை வினா எழுப்புகின்றனர். ‘ஐயா, நம் முன்னோர் அடிமைகளாக இருந்தனர் என்பதை மீண்டும் மீண்டும் ஏன் கிளற வேண்டும்? பூர்வ பௌத்தர் என்ற பெருமையை மட்டும் பேசினால் ஆகாதா?’ என்பது ஒன்று. ‘அயோத்திதாசப் பண்டிதர் எழுதிய சரித்திரத்தில் பலவற்றைக் கல்லூரி ஆசிரியர்கள் ஒப்புவதில்லையே, அதனை விட்டுவிடுவதே நன்றன்றோ?’ என்பது மற்றொன்று. முன்னதை வினவுவோர் நாணத்தால் வினவுகின்றனர். பின்னதை வினவுவோர் அச்சத்தால் வினவுகின்றனர். இரண்டிற்கும் விடை காண்பதே இன்றைய பாடத்தின் நோக்கமாகும்.

1. ஆளோலை கூறும் செய்தி

சைவர் போற்றும் பெரியபுராணத்தில் ஒரு கதை உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தலில் கிழவேதியர் ஒருவர் வந்து, இந்த மணமகன் தமக்கு அடிமை என்றும், இவனுடைய பாட்டன் எழுதித் தந்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் வழக்கிடுகிறார். சபை கூடுகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை மெய்ப்பிக்குமாறு கேட்கப்படுகிறது. அதாவது நெடுநாள் வழக்கம், எழுத்து, கண்டோர் சாட்சி என்பனவாம்.

வந்தவர் சிவபெருமான் என்பது அந்நூலாரின் நம்பிக்கை. அதனை அவர்க்கே விடுவோம். சரித்திரம் கற்போர் நோக்க வேண்டியது வேறு. பாட்டன் இட்ட கையொப்பம் பேரனைக் கட்டும் என்பதைச் சபையார் வியப்பின்றி ஏற்கின்றனர். அவர்கள் எழுப்பும் தடை ஒன்றே: ஓர் அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாவது உலகில் உண்டோ என்பது. மனிதன் மனிதனுக்கு அடிமையாகலாமோ என்று அச்சபையில் எவரும் வினவவில்லை. கதை எழுதப்பட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஆளோலை எவ்வளவு பழகிய பொருளாய் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கல்வெட்டுகளும் இதனையே கூறுகின்றன. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் பஞ்சத்தால் நலிந்த வேளாளர் ஒருவர், தம் பெண்மக்கள் இருவரோடும் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி திருப்பாம்புரத்துக் கல்வெட்டில் உள்ளது. பசி எக்குலத்தாரையும் அடிமையாக்கியது என்பதை நாம் மறைக்கலாகாது. ஆயினும் பஞ்சத்தால் அடிமையானவன் வேறு. பிறந்த காரணத்தால் அடிமையானவன் வேறு. பறையர், பள்ளர் முதலிய உழவுத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டனர். கேரளத்தில் புலையரும் செறுமரும், யாழ்ப்பாணத்தில் கோவியரும் நளவரும் பள்ளரும் அவ்வாறே கட்டுண்டிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கொண்டிருந்த டச்சுக்காரர், சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் ஆட்களை விலைக்கு வாங்கிப் பத்தாவியாவிற்கும் இலங்கைக்கும் கப்பலேற்றினர்.

உபாசகன் செய்யத்தகாத வாணிகங்கள் ஐந்து எனப் பகவன் வகுத்தருளியதை நாம் அறிவோம். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்பன அவை. இவற்றுள் உயிர் வாணிகம் என்பதற்கு மனிதரை விற்றல் என்றே உரையாசிரியர்கள் பொருள் கூறினர். எனவே ஆளோலை எழுதுதல் நாட்டு வழக்காக இருந்த நாளிலும் தம்மத்தின் முன் அது குற்றமே.

2. சட்டம் எடுத்ததும் எடுக்காததும்

பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது 1833ஆம் ஆண்டில். அடிமைகளை இழந்த முதலாளிமார்க்கு 2 கோடி பவுன் இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. அடிமைப்பட்டுக் கிடந்தோர்க்கு ஒரு காசும் இல்லை. அச்சட்டத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நாடுகளுக்கும் இலங்கைக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே மேற்கிந்தியத் தீவுகளில் விலங்கு உடைந்த நாளில் செங்கற்பட்டிலும் தஞ்சையிலும் உடையவில்லை.

இங்கே 1843ஆம் ஆண்டில் ஐந்தாம் சட்டம் வந்தது. வரிப்பாக்கிக்காக அரசு அலுவலர் அடிமைகளை ஏலம் விடலாகாது. ஒருவன் தன் அடிமை என்னும் உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டித் தரலாகாது. அடிமை எனக் கூறி ஒருவன் ஈட்டிய பொருளைப் பறிக்கலாகாது. சுதந்திர மனிதனுக்கு இழைத்தால் குற்றமாவது அடிமை எனப்படுவோனுக்கு இழைத்தாலும் குற்றமே. இந்நான்கே அதன் சாரம். இலங்கையில் 1844ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிற்று.

நல்ல சட்டங்களே. ஆனால் அவற்றுள் எழுதப்படாதவற்றையும் நாம் வாசித்தறிய வேண்டும். ‘நீ இன்று முதல் விடுதலை பெற்றாய்’ என்று சேரியில் பறையறைந்து கூறுமாறு எச்சட்டமும் பணிக்கவில்லை. உழுவதற்கு ஒரு காணி நிலம் தருமாறு பணிக்கவில்லை. குடிசை நின்ற மனைக்கட்டும் மிராசுதாரருடையதாகவே இருந்தது. ‘நாளை வேலைக்கு வாராவிடின் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்னும் ஒரு சொல்லுக்கு முன், நீதிமன்றம் ஒப்பாத ஆளோலைக்குத் தேவைதான் என்ன?

1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டத்தையும் நோக்குக. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவனைக் குற்றவாளியாக்கித் தண்டிக்க அது வழிசெய்தது. ஆளோலையின் இடத்தில் கடன்சீட்டு வந்து அமர்ந்தது. 1925ஆம் ஆண்டில்தான் அதனை நீக்குவதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டில் வந்தது. ஒழிந்ததாகக் கூறப்பட்டு 133 ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் ஒழிக்க வேண்டியிருந்தது எனின், முதல்முறை எது ஒழிந்தது, எது ஒழியவில்லை என்பதை நீங்களே உய்த்துணர்க.

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், தம் ஜில்லாவின் பறையர் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். மனைக்கட்டு உரிமையின்மை, தலைமுறைக் கடன், தர்க்காஸ்து மனுப்போட்டு நிலம் கேட்டால் மிராசுதாரர் எழுப்பும் தடை ஆகியவற்றை அதில் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1892 முதல் ஒடுக்கப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்ட நிலங்களையே மக்கள் பஞ்சமி நிலம் என்கின்றனர். அவற்றுள் பல கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கற்பட்டை அடுத்த காரணையில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிற்கு இருவர் பலியாயினர். அறிக்கை எழுதப்பட்டு 103 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே ஜில்லாவில், அதே மண்ணுக்காக.

இளைஞர் வினவிய முதல் வினாவிற்கு இதுவே விடை. பழங்கதை என்று நாம் விட்டாலும் அது நம்மை விடுவதில்லை. நாணப்பட வேண்டியவன் விற்கப்பட்டவன் அல்லன், விற்றவனும் வாங்கியவனுமே.

3. ஏட்டில் எழுதப்பட்டோர் ஏடு நடத்தினர்

எல்லிஸ் துரை என்னும் ஆங்கில அதிகாரியின் பெயர் தமிழ் கற்றோர்க்கு நன்கு தெரியும். தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலையை அத்துரை வழியாக எல்லிஸிடம் சேர்ப்பித்தவர் என்றும் அயோத்திதாசர் எழுதியுள்ளார். அதே எல்லிஸ், மிராசு உரிமைபற்றி அரசு விடுத்த வினாக்களுக்கு எழுதிய விடை 1818இல் நூலாக வந்தது. அதிலே பறையரும் பள்ளரும் மிராசுதாரரின் நிலத்தைச் சார்ந்த அடிமைகளாகக் குறிக்கப்படுகின்றனர். திருக்குறளைக் காத்துக் கொடுத்த கையையும், அடிமை என்று பதியப்பட்ட பெயரையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். ஆட்சியாளரின் ஏடு அடிமை என்பதைப் பதிவு செய்தது. குறளோலை வந்த கதையைச் சொல்ல நம்மவர்க்கே ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது.

அப்பத்திரிகைகள் தோன்றின. 1869இல் ‘சூரியோதயம்’ வெளிவந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இகழ்ச்சியாகக் கூறப்பட்ட பெயரையே முகப்பில் பொறித்தவர் அவர். அயோத்திதாசரோ அப்பெயரையே மறுத்து, ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்றும் ‘பூர்வ பௌத்தர்’ என்றும் எழுதினார். இருவர் வழியும் வேறு. இருவரும் நாணி ஒளியவில்லை என்பது ஒன்று.

1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. நான்கு பக்கம், விலை ஒரு பைசா, வாரம் ஒருமுறை. அடுத்த ஆண்டு முதல் ‘தமிழன்’ என்றே பெயர் கொண்டது. பண்டிதர் 1914 மே 5ஆம் நாள் மறையும்வரை அதனை நடத்தினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில்தான் தொடராக வந்தது. இந்நாடு ஒருகாலத்தில் பௌத்த நாடாக இருந்தது. தம்மத்தைக் கைவிட மறுத்தோரே இழிந்தோராக்கப்பட்டனர். ஆகவே இழிவு பிறப்பில் வந்ததன்று, பகையால் சுமத்தப்பட்டது என்பது அவர் நிலைநாட்ட முயன்ற பொருள். சரித்திரம் என்றால் அரசர் பட்டியல் என்றிருந்த காலத்தில், ‘இந்தச் சேரி ஏன் இங்கே இருக்கிறது?’ என்று தொடங்கிச் சரித்திரம் எழுதியவர் அவர்.

அப்பத்திரிகையைத் தாங்கிய கைகளுள் நம் தங்கவயல் தொழிலாளரின் கைகளும் உண்டு. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை அமைந்தது. எம். ஒய். முருகேசர் முதலியோர் அதனை வளர்த்தனர். பண்டிதர் மறைவிற்குப்பின் நின்றுபோன ‘தமிழன்’ 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு கோலார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. 1930களின் நடுப்பகுதிவரை நடந்தது. பூமிக்கடியில் பாறை உடைத்த கூலியில் மிச்சம் பிடித்த காசு எழுத்தாயிற்று என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

4. அமெரிக்க நாட்டில் நடந்தது

இவ்வினா நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே, ‘குலாம்கிரி’ என்னும் தம் மராத்தி நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பின மக்களின் பேரறிஞர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். நம் முன்னோர் அந்நாட்டை நோக்கியபடியே இருந்தனர். நாமும் நோக்குவோம்.

1619 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட் கரையில் இருபதிற்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர் கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்டனர். அதன் 400ஆம் ஆண்டு நிறைவில், 2019 ஆகஸ்டில், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வாரமலர் ‘1619 திட்டம்’ என்னும் தனியிதழை வெளியிட்டது. அதனை முன்னின்று அமைத்தவர் நிக்கோல் ஹன்னா-ஜோன்ஸ் என்னும் கறுப்பினப் பெண் பத்திரிகையாளர். நாட்டின் பிறப்பு 1776இல் சுதந்திரம் பிரகடனமான நாளிலா, முதல் அடிமைகள் இறங்கிய நாளிலா என்று அவ்விதழ் வினவியது. சர்க்கரை, பருத்திக் கணக்கு, சிறைச்சாலை, மருத்துவ ஏற்பாடு, அட்லாண்டா நகரின் போக்குவரத்து நெரிசல் என இன்றைய வாழ்வின் பல துறைகளை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அடிமைமுறை விட்டுச் சென்ற தடத்தைக் காட்டியது. ஹன்னா-ஜோன்ஸின் முதற் கட்டுரைக்கு 2020இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

எதிர்ப்பும் எழுந்தது. புளோரிடா மாநிலக் கல்வி வாரியம் 2021இல் அதனை வகுப்பறையில் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. அவ்வகை எதிர்ப்பு நமக்குப் புதிதன்று; பழைய கணக்கைத் திறந்தால் கடன்பட்டவன் சினப்பான். மற்றொரு வகை எதிர்ப்பே நம் பாடத்திற்கு வேண்டியது. 2019 டிசம்பரில் வரலாற்றுப் பேராசிரியர் ஐவர், அவ்விதழில் உண்மைப் பிழைகள் உள்ளன என்று பத்திரிகைக்கு எழுதினர். குடியேறிகள் பிரிட்டனிடமிருந்து பிரிய விரும்பியதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று அடிமைமுறையைக் காத்துக்கொள்வது என்ற வரியே பெரிதும் வாதிற்குள்ளாயிற்று. பத்திரிகை முதலில் மறுத்தது. பின்னர் 2020 மார்ச்சில், ‘குடியேறிகள்’ என்றிருந்த இடத்தில் ‘குடியேறிகளுள் சிலர்’ என்று திருத்தியது.

ஒரு சொல்தானே என்று எண்ணாதீர். அனைவரும் என்பதற்கும் சிலர் என்பதற்கும் இடையே உள்ள தூரம் சரித்திரத்தில் பெரிது. ஆனால் இதனையும் காண்க: அந்த ஒரு சொல் திருந்தியதால் 1619இல் மனிதர் விற்கப்பட்டது பொய்யாயிற்றா? அதன் தடம் இன்றும் இருப்பது பொய்யாயிற்றா? வினா அவ்வாறே நின்றது; விடை திருந்தியது.

5. ஆராய்ந்தோரையும் ஆராய்தல்

கேசபுத்த நகரத்துக் காலாமரிடம் பகவன் கூறியது யாது? வழிவழி வந்தது என்பதனாலும், நூலில் உள்ளது என்பதனாலும், சொன்னவர் நம் ஆசான் என்பதனாலும் மட்டுமே ஒன்றைக் கொள்ளாதீர் என்றார். நம் ஆசான் என்னும் இடத்தில் பண்டிதரையும் வைத்தே படிக்க வேண்டும்.

பறையர் என்னும் சொல்லுக்கு, வேஷதாரிகளின் பொய்யை ஊரறியப் பறைந்தவர் என்று அயோத்திதாசர் பொருள் கூறினார். தீபாவளி முதலிய பண்டிகைகளுக்கும் பௌத்த மூலம் காட்டினார். இச்சொற்பொருள்கள் பலவற்றை இன்றைய மொழி ஆய்வாளர் ஏற்பதில்லை. இதனைச் சொல்ல நாம் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் தமிழகத்தில் பௌத்தம் செழித்திருந்தது, அது வீழ்ந்தது, இழிவு என்பது மனிதர் செய்தது, எனவே மனிதரால் நீக்கத்தக்கது என்பவை ஒரு சொல்லின் பகுபத ஆராய்ச்சியைச் சார்ந்து நிற்பவை அல்ல. மணிமேகலை நிற்கிறது, நாகப்பட்டினத்துப் புத்தத் திருவுருவங்கள் நிற்கின்றன, காஞ்சியின் பழம்புகழ் நிற்கிறது.

பாபாசாகேப் 1948இல் வெளியிட்ட தீண்டாதார் வரலாற்று நூலின் முன்னுரையை நோக்குக. நேரிய சான்று அறுந்துபோன இடங்களில், கருதுகோளால் கண்ணிகளை இணைத்திருப்பதாக அவரே வெளிப்படக் கூறுகிறார். முடிவு இறுதியானது என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. இந்நேர்மையே அந்நூலின் வலிமை.

நெசவாலையில் நெடுங்காலம் தறி ஓட்டியவன் ஆதலால் என் தொழிலிலிருந்தே ஒன்று கூறுவேன். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிட வேண்டும். நிறுத்தினால் அளவு குறையுமே என்று அறுந்தபடியே ஓட்டுபவனின் துணியில் அவ்விழை இருந்த இடம் முழ நீளத்திற்கும் கோடாய்த் தெரியும். சோதனை மேசையில் விரித்தவுடன் முழுத் துணியும் கழிவாகும். முடிச்சிட்ட துணியிலோ முடிச்சு தெரியும், துணி நிற்கும். அறுந்த இடத்தை ‘இங்கே அறுந்துள்ளது’ என்று காட்டிச் செல்லும் சரித்திரமும் அத்தகையதே.

பிறர் வீட்டை ஆராயும் நாம் நம் வீட்டையும் ஆராய்வோம். சாமஞ்ஞபல சூத்திரத்தில் பகவன் அஜாதசத்து மன்னனிடம், உன் அடிமை ஒருவன் துறவு பூண்டால் மீண்டும் வந்து அடிமை செய் என்பாயோ என்று கேட்கிறார். இல்லை, எழுந்து நின்று வணங்குவேன் என்கிறான் மன்னன். நம் நெஞ்சை நிமிர்த்தும் இடம் அது. ஆனால் உடையவன் விடுவிக்காத அடிமைக்குத் துறவு அளிக்கலாகாது என்னும் விதி விநயத்தில் உண்டு. உபசம்பதையின்போது ‘நீ சுதந்திர மனிதனா?’ என்று இன்றும் வினவப்படுகிறது. பிக்கு அடிமைகளை ஏற்கலாகாது என்று சூத்திரம் கூறவும், இலங்கையின் பண்டைய விகாரைகளுக்கு அடிமைகள் தானமாக அளிக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பௌத்தம் என்ற பெயர் இருந்த இடமெல்லாம் விடுதலை இருந்தது என்று நாம் மேடையில் முழங்கினால், ஒரு கல்வெட்டைப் படித்த சிறுவன் எழுந்து நம்மை அமரச் செய்வான். தம்மம் வேறு, அதன் பெயரால் மனிதர் நடந்தது வேறு என்று முன்னரே கூறுவோமாயின் அச்சிறுவன் நம் மாணவனாவான்.

ஆதலின் இரண்டாம் வினாவிற்கு விடை இது: பண்டிதரை விட்டுவிடவும் வேண்டா; அவர் சொல்லை வேதமாக்கவும் வேண்டா. அவர் தொடங்கிய விசாரணையை அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே அவர்க்குச் செய்யும் மரியாதை.

6. நம் ஊர்க் கடமை

பூதிகோட்டையை அறிந்த நூல்கள் இதனை ஐதர் அலி பிறந்த ஊர் என்று கூறும். அது மெய்யே. கோலார் தங்கவயலைப்பற்றிய நூல்கள், ஜான் டெய்லர் கம்பெனியார் 1880களில் சுரங்கம் எடுத்ததையும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததையும், சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றதையும், ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டதையும் கூறும். அவையும் மெய்யே. அத்தங்கத்தை எடுத்தவர் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களின் சேரிகளிலிருந்து வந்த நம் முன்னோர். பண்ணையாரின் முன் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்றவர் பாதாளத்தில் இறங்கிக் கைநிறையக் காசு கண்டனர், பள்ளிக்கூடம் கட்டினர், பத்திரிகை நடத்தினர். ஆயினும் அங்கும் அவர் பெயர் எண்ணாயிற்று. 1930ஆம் ஆண்டில் தொழிலாளரைக் கைரேகை பதித்துப் பதிவு செய்ய முற்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். பாட்டனின் கைநாட்டு பேரனைக் கட்டிய நாட்டிலே பிறந்தோர், கைரேகை வைக்க ஏன் மறுத்தனர் என்பது உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதன்று.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. இறங்கி வேலை செய்தோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். சயனைடு மண்மேடு மட்டும் வெண்மையாய் நிற்கிறது. இன்று நாம் எழுதாவிடின் நாளை அம்மேடு ஒன்றே சரித்திரமாகும். ‘தமிழன்’ இதழ்களும் ஏறக்குறைய அவ்வாறே மறைந்திருக்கும். அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய தாள்களைத் தேடிக் காத்ததாலும், ஞான. அலாய்சியஸ் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ எனத் தொகுத்ததாலுமே அவை நமக்குக் கிடைத்தன.

எவ்வாறு எழுதுவது? ஒருகாலத்தில் மனிதனை அடிமை என்று நிலைநாட்ட எந்த மூன்று சான்றுகள் கேட்கப்பட்டனவோ, அம்மூன்றையே நாம் கைக்கொள்வோம்.

ஆட்சி: நம் பூர்வ ஊர்களில் சேரி எத்திசையில் உள்ளது, வெள்ளம் வந்தால் முதலில் எங்கே புகும், மனைக்கட்டு யார் பெயரில் இருந்தது, ஏரி மடையைத் திறக்கும் வேலை யாருடையது, அவ்வேலைக்கு என்ன மானியம் என்பவற்றைக் கேட்டெழுதுக.

ஆவணம்: சுரங்க வேலைச் சீட்டு, சம்பளச் சீட்டு, கடன் பத்திரம், பஞ்சமி நிலப்பட்டா, பழைய இதழ், சங்க ரசீது எதுவாயினும் எறியாதீர். படி எடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே தருக.

காட்சி: முதியோர் கூறுவதை அவர் சொல்லாலேயே எழுதுக. தாம் கண்டது எது, தம் தந்தை கூறக் கேட்டது எது என்று பிரித்துக் கேளுங்கள். பாட்டிமாரை விட்டுவிடாதீர், ஊரைவிட்டு வந்த இரவைப்பற்றி ஆண்கள் மறந்ததெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விடுக, கற்பனையால் நிரப்பாதீர்.

இதனைப் பகை வளர்க்கச் செய்கிறோமா? அன்று. பகை பகையால் தணியாது என்பது நாம் கற்ற தம்மம். ஆனால் மறதியால் தணியும் என்று பகவன் எங்கும் கூறவில்லை. நான்காம் சீலம் பொய் கூறாதே என்கிறது. அறிந்த உண்மையை மூடி வைப்பதும் அச்சீலத்திற்கு அழகன்று. மிராசுதாரரின் பேரன் இன்று நம்மோடு ஒரே வகுப்பில் படிக்கிறான். அவன்மீது பழி சுமத்த அன்று, அவனும் நாமும் ஒரே ஏட்டைப் படித்து ஒரே உண்மையை ஒப்பும் பொருட்டே இவ்வேலை.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. 1843ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்கு கூறுகள் யாவை? அது தராமல் விட்டவை யாவை?
2. ஆளோலைக்கும் கடன்சீட்டிற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கூறுக.
3. ‘பறையன்’ என்று இதழுக்குப் பெயரிட்டவரும், அப்பெயரை மறுத்தவரும் அடைய விரும்பியது ஒன்றா, வேறா?
4. ஒரு சொல்லைத் திருத்தியதால் ஒரு சரித்திர ஆய்வு வலுவிழக்கிறதா, வலுப்பெறுகிறதா? காரணம் காட்டுக.
5. உங்கள் குடும்பம் தங்கவயலுக்கு எவ்வூரிலிருந்து, எத்தலைமுறையில், எக்காரணத்தால் வந்தது? ஆட்சி, ஆவணம், காட்சி மூன்றனுள் உங்களிடம் உள்ளது எது?

ஐந்தாம் வினாவின் விடையை எழுத்தில் கொணர்க. எழுதத் தெரியாத பெரியோர் இருப்பின், பிள்ளைகள் அருகமர்ந்து எழுதித் தருக. அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் அவ்விடைகளே நமக்குப் பாடமாகும்.

சாது! சாது! சாது!

பூதிகோட்டை
தம்ம ஊழியன்